விளையாடிப் பட்டான்: இளமையில் மறைந்த ஆட்டக்காரர்களை நினைவுகூர்தல் பற்றி

இது சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். ஒரு கேடயத்தில் பொறிப்பதற்காகத் தமிழில் இரண்டு வரி கேட்டார் ஒரு மாணவர். உடனே எழுதிக் கொடுக்க என்னால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்று யோசித்ததில் விளைந்த குறிப்புகளே இவை.

அலிபிரியில் விடியற்காலையில் படியேறுவோர் அனைவரும் நேர்ந்துகொண்டு வந்தவர்கள் அல்லர். கோவிந்தநாமம் முழங்கச் செல்லும் கூட்டத்திற்கிடையே காலுறையும் ஓட்டக்காலணியும் அணிந்த இளைஞர்கள் சிலர் இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறுவர். மூவாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கொண்ட அந்தப் பாதை அவர்களுக்குக் காசு கேட்காத பயிற்சிக்கூடம். அவர்களுள் ஒருவர் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அடிவாரத்துத் தேநீர்க்கடையில் அறிமுகம். என் ஆய்வு நடுகற்களைப் பற்றியது என்று அறிந்த நாள் முதல் என்னைக் ‘கல்வெட்டு அக்கா’ என்றே அழைப்பார்.

சென்ற மாதம் ஒரு நாள் அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அவருடைய அணித்தோழர் ஒருவர், 400 மீட்டர் ஓட்டக்காரர், சென்ற ஆண்டு பயிற்சிக்கு இருசக்கர வாகனத்தில் வரும் வழியில் விபத்தில் இறந்துவிட்டார். ஆண்டு நிறைவில் நண்பர்கள் ஒரு சிறிய ஓட்டப்பந்தயம் நடத்தவிருக்கிறார்கள். வெற்றி பெறுபவருக்கு ஒரு கேடயம். தெலுங்கில் எழுதவேண்டியதை எழுதிவிட்டார்கள்.

“அக்கா, தமிழ்லயும் ரெண்டு வரி போடணும். அவங்க அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ‘பரிதாபமாக’ன்னு மட்டும் எழுதாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியந்தான் என்னைத் தடுத்து நிறுத்தியது. மொழியியல் படித்த எவருக்கும் அது ஓர் ஆய்வுக்கேள்வி. ஓர் இளைய மரணத்தைச் சொல்லத் தமிழில் என்னென்ன வழிகள் இருந்தன? இன்று ஏன் ஒரே வழி மட்டும் எஞ்சி நிற்கிறது?

விடை தேடி நான் முதலில் சென்றது சேலம் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல்லுக்கு. கருவந்துறை என்னும் ஊரைச் சார்ந்த கல் அது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று மதிப்பிடுவர். சீறும் எருது ஒன்றும் அதனோடு பொருதும் மனிதன் ஒருவனும் அதில் செதுக்கப்பட்டுள்ளனர். எழுத்துகள் சிலவே. கோவுரிச் சங்கன் என்பவன் கருவந்துறையிலே எருது விளையாடிப் பட்டான் என்றும், சங்கன் மகன் பெரிய பயல் நட்ட கல் இது என்றும் அவை சொல்கின்றன. அவ்வளவே. போரில் இறந்தவனுக்கும் ஆநிரை மீட்டு இறந்தவனுக்கும் கல் நட்ட அதே மரபில், விளையாட்டில் இறந்த ஒருவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள்.

இந்த வாசகத்தில் உள்ள இரண்டு வினைச்சொற்களைச் சற்று உற்றுநோக்க வேண்டும். ‘பட்டான்’ என்பது ‘படு’ என்னும் வினையின் இறந்தகால முற்று. படு என்பதற்கு விழு, தங்கு, உண்டாகு, துன்புறு, இற எனப் பல பொருள்கள் உண்டு. மறையும் கதிரவனைப் ‘படுஞாயிறு’ என்பது பழைய வழக்கு. இன்று நாம் ‘செய்யப்பட்டது’, ‘கொல்லப்பட்டார்’ என்று செயப்பாட்டுவினையாக்கப் பயன்படுத்தும் துணைவினையும் இதே படுதான். பல்லவர் காலத்து நடுகற்களில் ‘பட்டான் கல்’ என்பது ஏறக்குறைய ஒரு வாய்பாடாகவே வருகிறது. இன்ன செயலில் வீழ்ந்தவனுடைய கல் என்பது பொருள்.

‘விளையாடி’ என்பது வினையெச்சம். தமிழ்த் தொடரில் எச்சம் முன்னே வரும். முற்று இறுதியில் வந்து தொடரை முடித்துவைக்கும். எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றே. ‘விளையாடிப் பட்டான்’ என்னும்போது ஆடியவனும் அவனே, வீழ்ந்தவனும் அவனே. இரண்டுக்கும் இடையில் வேறு சொல் எதுவும் நுழையவில்லை. ஒருவன் எதைச் செய்துகொண்டிருந்தான் என்பதைச் சொல்லாமல் அவன் இறந்ததைச் சொல்ல இந்தத் தொடரமைப்பு இடம் தருவதில்லை.

இதனோடு இன்றைய செய்தி வாக்கியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘சாலை விபத்தில் கல்லூரி மாணவர் பரிதாபமாக உயிரிழந்தார்.’ இங்கே முற்றுக்கு முன் நிற்பது ஒரு வினையடை. இறந்தவரின் செயல் இருந்த இடத்தில் அச்செய்தியைக் கேட்பவரின் உணர்ச்சி வந்து அமர்ந்துவிட்டது. பரிதாபம் நம்முடையது, அவருடையது அன்று. அந்த மாணவர் வேண்டாம் என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். தம் தோழன் மீது பிறர் கொண்ட இரக்கத்தை அவர் பொறித்துவைக்க விரும்பவில்லை. தோழனையே பொறித்துவைக்க விரும்புகிறார்.

கருவந்துறைக் கல்லுக்கு முன்னோர் உண்டு. கல் நடுவதற்கு ஆறு நிலைகள் உள என்று தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது: தகுந்த கல்லைத் தேடிக் காணும் காட்சி, வேலை தொடங்கும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை, வாழ்த்துதல். நினைவுகூர்தல் என்பது ஒரு நாள் வேலையாக இல்லாமல், பலர் கூடிப் பல நாள் செய்யும் உழைப்பாக அங்கே இருக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்கள், இந்த வழக்கம் இலக்கியக் கற்பனை மட்டுமன்று என்பதைக் கல்லிலேயே காட்டின. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தொகுத்து வெளியிட்டது. பட்டான் கல் என்னும் வாய்பாட்டை நான் முதன்முதலில் எண்ணிப் பார்க்கக் கற்றது அந்தத் தொகுப்பில்தான்.

நான் வாழும் இந்தப் பகுதியும் அந்த நிலத்தின் தொடர்ச்சியே. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்படுவதற்கு முன் இங்குள்ள ஊர்கள் பலவும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. மேற்கே புங்கனூர், பலமனேர்ப் பக்கம் சென்றால் கல்லின் பெயர் ‘வீரகல்லு’ என்று மாறுகிறது. கன்னட நாட்டுக் கற்களில் பெரும்பாலும் அடுக்கடுக்காகச் சிற்பம் இருக்கும். கீழே போர், நடுவே வீரனைத் தேவமகளிர் அழைத்துச் செல்லுதல், மேலே அவன் அடைந்த தெய்வ உலகு. செங்கம் பகுதித் தமிழ்க் கற்களிலோ பெரும்பாலும் ஒரே காட்சிதான். வில்லோ வாளோ ஏந்தி அவன் நிற்கிறான். அவன் எங்கே சென்றான் என்று அக்கல் சொல்வதில்லை. எங்கே நின்றான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

விளையாட்டுக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் உண்டு. காலம் ஏறக்குறைய 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு. அதில் உள்ள உருவம் ஒரு சேவல். முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த கோழி என்று வட்டெழுத்தில் வாசகம். இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல் கீழ்ச்சேரிக் கோழிக்கு உரியது. அதற்குப் பொற்கொற்றி என்று பெயரும் இருக்கிறது. கோழிப்போரில் நின்ற சேவல்களுக்கு ஊர் மக்கள் எடுத்த கற்கள் இவை. பறவையின் பெயருக்கு முன் ‘மேற்சேரி’, ‘கீழ்ச்சேரி’ என்று வருவதைக் கவனியுங்கள். அந்தச் சேவல் ஒரு சேரியின் சார்பில் களத்தில் நின்றது. இன்று ஒரு மாநிலத்தின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு ஆடச் செல்லும் பதினெட்டு வயதுப் பிள்ளையைப் போல.

அப்படிச் சென்ற ஒருவரைப் பற்றி இப்போது சொல்லவேண்டும்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை. திருப்பதி தனி மாவட்டமாகி இரண்டு வாரம்கூட நிறைவுறாத நேரம். நான் ஆய்வில் சேர்ந்த புதிது. சென்னையைச் சேர்ந்த டேபிள் டென்னிஸ் வீரர் விஸ்வா தீனதயாளன் மேகாலயாவில் சாலை விபத்தில் இறந்தார் என்ற செய்தி அன்று மாலை வந்தது. வயது 18. இலயோலா கல்லூரியில் வணிகவியல் மாணவர். அண்ணா நகரிலுள்ள கிருஷ்ணசாமி டேபிள் டென்னிஸ் மன்றத்தில் பயின்று வளர்ந்தவர். தேசியத் தரவரிசைப் போட்டிகளில் பட்டங்களும் பன்னாட்டுப் போட்டிகளில் பதக்கங்களும் வென்றவர். மூத்தோருக்கான 83ஆவது தேசியப் போட்டி மறுநாள் ஷில்லாங்கில் தொடங்கவிருந்தது. அதில் ஆடுவதற்காகத் தமிழக அணியின் சக வீரர்கள் மூவருடன் குவாஹாட்டியிலிருந்து வாடகைக் காரில் சென்றுகொண்டிருந்தார். ரி-போய் மாவட்டத்தில், எதிர்த்திசையில் வந்த கனரக லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி வந்து கார் மீது மோதியது. ஓட்டுநர் அங்கேயே இறந்தார். விஸ்வாவைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற மூவரும் படுகாயத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பத்தே நாளில், ஏப்ரல் 27 அன்று, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கவிருந்த இளையோர் போட்டியில் அவர் இந்தியாவுக்காக ஆடுவதாக இருந்தது.

ஷில்லாங் போட்டி நடைபெற்றது. ஆடவர் இறுதியாட்டத்தில் மோதிக்கொண்ட சரத் கமல், சத்தியன் இருவருமே சென்னையில் ஆடி வளர்ந்தவர்கள். சரத் கமல் தமது பத்தாவது தேசியப் பட்டத்தை வென்றார். அதே நகரத்தின் ஆட்டமேசைகளில் பந்தடித்து வளர்ந்த இளையவர் ஒருவரும் அந்த அரங்கில் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அந்த முடிவை என்னால் வாசிக்க இயலவில்லை.

அன்று வந்த செய்திகள் பெரும்பாலும் வயதில் தொடங்கின. ‘18 வயது வீரர்’ என்பதே முதற்சொல். இரங்கற்செய்திகளோ எதிர்காலத்தில் தொடங்கின: எவ்வளவு சாதித்திருப்பார், எங்கெல்லாம் சென்றிருப்பார். இரண்டும் இயல்பானவையே, அன்பினால் வந்தவையே. ஆயினும் நடுகற்களைப் படித்த கண்ணுக்கு அவற்றில் ஒரு குறை தெரிந்தது. நடுகல்லில் வயதைக் குறிக்கும் வழக்கம் இல்லை. கருவந்துறைச் சங்கனுக்கு எத்தனை வயது என்று கல் சொல்லவில்லை. அவன் இன்னும் எத்தனை எருதுகளை அடக்கியிருப்பான் என்றும் சொல்லவில்லை. வயதைச் சொன்னவுடன் வாழாத ஆண்டுகளை எண்ணத் தொடங்குகிறோம். வாழ்ந்த ஆண்டுகள் அந்த எண்ணிக்கைக்குள் சுருங்கிப்போகின்றன. விஸ்வா இருபத்தைந்து வயதில் என்னவாகியிருப்பார் என்பது நம் ஊகம். பதினெட்டு வயதுக்குள் அவர் மாநிலத்தின் மூத்தோர் அணியில் இடம்பெற்றார் என்பது நடந்தது. நடந்ததைப் பொறிப்பதே கல்லின் வேலை.

‘அவர் ஆடும்போது இறக்கவில்லையே, ஆடச் செல்லும் வழியில்தானே இறந்தார்?’ என்று யாரேனும் கேட்கலாம். விளையாட்டு என்பது களத்துக்குள் மட்டும் நடப்பதன்று. முன்பதிவு கிடைக்காத இரயில் பயணமும், பொழுது விடியுமுன் ஓட்டும் இருசக்கர வாகனமும், மலைச்சாலையில் வாடகைக் காரும் அதன் பகுதிகளே. பெரும்பாலான மாணவ வீரர்களின் விளையாட்டு வாழ்வு களத்தில் கழிந்ததைவிடச் சாலையில் கழிந்ததே மிகுதி. ஆகவே அந்தச் சாலையையும் எச்சவினைக்குள் வைக்கலாம்: ஆடச் சென்று பட்டார்.

இங்கே இன்னொருவரையும் நினைக்கவேண்டும். அந்தக் காரை ஓட்டியவர். நான் வாசித்த செய்திகளில் அவர் ‘ஓட்டுநர்’ என்ற ஒரு சொல்லாக மட்டுமே இருக்கிறார். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்ட ஒரு கல் உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்ததைச் சொல்வது அது. அவனோடு நின்று, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த நாய் ஒன்றும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது: கோவிவன். உடன் நின்ற நாய்க்கும் பெயர் பொறித்த மரபு நம்முடையது. அதே மரபில் வந்த நாம், ஒரு வீரரைக் களத்துக்கு அழைத்துச் செல்லும் வழியில் அவரோடு இறந்த மனிதரை ஒரு தொழிற்பெயரோடு விட்டுவிட்டோம். இதை நான் பிறரைக் குறைசொல்லும் நோக்கில் எழுதவில்லை. அன்று அந்தச் செய்தியை வாசித்தபோது அவர் பெயரைத் தேடவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

நடுகல்லின் மற்றொரு பண்பு காரணம் கூறுதல். எந்த ஊர்ப் பூசலில், யார் தொறு கொண்டபோது, யாருக்காக நின்று வீழ்ந்தான் என்று அது சொல்லிவிடும். அதே 2022ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று, சென்னை இராணிமேரிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்ற பிரியா என்னும் கால்பந்து வீராங்கனை தமது 17ஆம் வயதில் இறந்தார். மூட்டில் ஏற்பட்ட காயத்துக்காக அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை செய்தபின் கட்டப்பட்ட இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. வேறு மருத்துவமனையில் காலை அகற்றியும் உயிர் பிழைக்கவில்லை. சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்ததை மாநில அரசே வெளிப்படையாகக் கூறியது. மருத்துவர் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். இத்தகைய மரணத்தில் ‘பரிதாபமாக’ என்னும் வினையடை இன்னும் ஒரு தீங்கு செய்கிறது. அது காரணத்தை மூடி மறைத்துவிடுகிறது. ஒரு கால்பந்து வீராங்கனையின் கால் எவ்வாறு போயிற்று என்று சொல்லாத நினைவுச்சின்னம் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடுத்த ஆட்டக்காரரின் காலையும் அது காக்காது.

இனி, கேடயம். இறந்தவரின் பெயரால் போட்டி நடத்துவது உலகெங்கும் பழைய வழக்கம். கிரேக்கரின் நெமியா விளையாட்டு விழா, ஒஃபெல்டெஸ் என்னும் குழந்தை பாம்பு தீண்டி இறந்ததன் நினைவாகத் தொடங்கியது என்பது அவர்களுடைய தொன்மம். அங்கே நடுவர்கள் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்புடை அணிந்தனர். ஹோமரின் இலியத்தில் பட்ரோக்ளஸ் என்னும் தோழன் இறந்தபின் அக்கில்லீஸ் தேரோட்டமும் மற்போரும் ஓட்டப்பந்தயமும் நடத்துகிறான். ஆற்றமுடியாத துயரை ஆட்டமாக மாற்றிக்கொள்ளும் தேவை அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ரோஹிண்டன் பாரியா கோப்பை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டிக்கான கோப்பை அது. 1935-36 பருவத்தில் தொடங்கியது. பம்பாயைச் சேர்ந்த பாரியா என்னும் தந்தை தம் மகன் ரோஹிண்டனின் நினைவாக அளித்தது. பல தலைமுறை மாணவர்கள் அந்தக் கோப்பைக்காக ஆடினர். சுனில் கவாஸ்கர் போன்றோர் இந்திய அணிக்குச் சென்ற பாதையில் அதுவும் ஒரு படி. ஆனால் அதற்காக ஆடியவர்களிடம் ரோஹிண்டன் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? ஒரு தந்தையின் மகன் காலப்போக்கில் ஒரு போட்டியின் பெயராக மாறிவிட்டான்.

கல்லுக்கும் இதே ஆபத்து நேர்ந்ததுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் பல இன்று வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. எண்ணெய் பூசி, மாலை சூட்டி, பொங்கலிட்டு வணங்குகிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வீரனின் தனிப்பெயர் ஊராரின் நாவிலிருந்து மறைந்துவிட்டது. அவன் ஒரு தெய்வத்தின் பொதுப்பெயருக்குள் சென்று சேர்ந்துவிட்டான். ஆயினும் கோப்பைக்கும் கல்லுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கோப்பை பெயரை மட்டும் வைத்திருக்கிறது. கதை அதை அளித்தவரோடு போய்விடுகிறது. கல்லோ கதையையும் தன்மேல் எழுதிவைத்திருக்கிறது. எழுத்தறிந்தவர் ஒருவர் ஆயிரம் ஆண்டு கழித்து வந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் படித்தால், வேடியப்பனுக்குள்ளிருந்து அந்த மனிதன் வெளியே வருகிறான். இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு சிற்றூரில் கல்லின் வாசகத்தைப் படித்துச் சொன்னபோது, அதுவரை கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “அப்போ இவருக்கும் அப்பன் பேரு இருந்திச்சா தாயி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் வியப்பை இன்றும் மறக்கவில்லை.

கருவந்துறைக் கல்லின் இறுதிப்பகுதிக்கு மீண்டும் வருகிறேன். ‘சங்கன் மகன் பெரிய பயல் நட்ட கல்.’ பெரிய பயல் என்பது இயற்பெயரா, மூத்த மகனை வீட்டில் அழைக்கும் சொல்லா என்பது விவாதத்துக்குரியது. எதுவாயினும், தந்தையை இழந்த ஒரு மகன் தன் பெயரைக் கல்லில் ஏற்றியிருக்கிறான். நெடுங்காலம் நான் இதை நடுகல் வாய்பாட்டின் ஓர் உறுப்பு என்று மட்டுமே குறித்துவைத்திருந்தேன்: வீரன் பெயர், ஊர், செயல், நட்டவர். கேடயத்துக்கு வரி தேடத் தொடங்கியபின்புதான் நான்காவது உறுப்பின் தேவை புரிந்தது. இறந்தவனை யார் நினைக்கிறார்கள் என்று சொல்லாத நினைவுச்சின்னம் பாதி வாக்கியம். துயரம் யாருடையது என்று அது சொல்வதில்லை. ‘பரிதாபமாக’ என்னும் சொல்லும் இதே இடத்தில்தான் தவறுகிறது. பரிதாபப்படுபவர் யார் என்று அது சொல்வதில்லை. எல்லோரும் என்பது போலத் தோன்றும், ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம்.

மொழியியல் மாணவியாக ஒரு சொல்லை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ‘இறந்தான்’ என்னும் வினைக்குப் பழம்பொருள் ‘கடந்தான்’ என்பது. இறந்தகாலம் என்று இலக்கணத்தில் சொல்வது செத்துப்போன காலத்தை அன்று, கடந்து சென்ற காலத்தை. ‘பட்டான்’ என்பது ஓரிடத்தில் வீழ்ந்ததைச் சொல்கிறது. ‘இறந்தான்’ என்பது ஓர் எல்லையைக் கடந்ததைச் சொல்கிறது. 400 மீட்டர் ஓடிய ஒருவருக்கு இரண்டாவது சொல் பொருந்தும் என்று தோன்றியது. அதில் இழிவும் இல்லை, மிகையும் இல்லை. ‘அமரர்’ என்றோ ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றோ எழுதலாம்தான். அந்தச் சொற்கள் மூத்தோருக்காகப் பழகிப்போனவை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அவற்றைச் சூட்டினால் அவனை அவன் நண்பர்களுக்கே அடையாளம் தெரியாது.

மூன்று நாள் கழித்து, படியேற்றம் முடிந்து அவர் இறங்கிவரும் நேரத்தில் எழுதியதைக் கொடுத்தேன். முதலில் தோழரின் பெயர். அடுத்து ஊர். பிறகு ‘400 மீட்டர் ஓட்டக்காரர். விடியற்காலையில் பயிற்சிக்கு வரும் வழியில் சாலை விபத்தில் இறந்தார்.’ இறுதியில் ‘உடன் ஓடியவர்கள் வைத்த கேடயம்.’ இரண்டு வரி கேட்டார். நான்கு வரி ஆகிவிட்டது.

அவர் இருமுறை படித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, எங்க பேரையும் போடலாமா? ஆறு பேருதான்,” என்று கேட்டார்.

போடலாம் என்றேன். பெரிய பயல் போட்டுக்கொண்டானே.

“அப்போ அவனோட நேரத்தையும் போட்டுடலாம். மாவட்டப் போட்டில ஓடினது. அம்மாவுக்கு அந்த நம்பர் மனப்பாடம்.”

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான நடுகல் வாசகங்களைப் படித்த எனக்கு, ஓர் ஓட்டக்காரனின் செயல் என்பது அவன் ஓடிய நேரம் என்பது தோன்றவில்லை. வில்லேந்தியவனுக்கு வில்லைச் செதுக்கினார்கள். எருது பிடித்தவனுக்கு எருதைச் செதுக்கினார்கள். ஓடியவனுக்கு அவன் ஓடிய நொடிகளைச் செதுக்கவேண்டும். அந்த எண்ணை ஐந்தாவது வரியாகச் சேர்த்தோம். பந்தயம் அடுத்த மாதம்.

இத்தகைய நினைவுப் போட்டிகள் உங்கள் ஊர்களிலும் நடக்கும். கல்லூரித் திடல்களில், கபடிக் களங்களில், தெருமுனைப் பதாகைகளில் இளம் முகங்கள் இருக்கும். அடுத்தமுறை காணும்போது பெயரோடு நின்றுவிடாமல் அவர் என்ன ஆடினார், எவ்வாறு இறந்தார், இந்தப் போட்டியை நடத்துவோர் யார் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். விடை கிடைத்தால், எழுதியும் வையுங்கள். முடிந்தால் அவரோடு சென்றவர்களின் பெயரையும் சேர்த்து.